படகின் மூக்கு அறுபத்தெட்டு கிலோ

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. தூறல் என்று சொல்ல முடியாது. வானம் தன் ஈரத்தைப் பிழியாமல் அப்படியே கீழே தொங்கவிட்டிருந்தது. காற்று இல்லை. முந்தின நாள் மாலை இடியோடு பெய்த மழையில் தெருப் பள்ளங்கள் நிறைந்திருந்தன. எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில், முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவே, நீல நிறப் படகு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு எங்களுடையது. இங்கே படகைப் பார்க்கும் புது ஆட்கள் வண்டியை நிறுத்திவிட்டு ஒருமுறை கடலைத் தேடுவார்கள். கடல் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் 2015இல் வந்த அந்தப் பெரிய வெள்ளத்தில் ஏரிகளெல்லாம் உடைந்து, ஆறு எது தெரு எது என்று தெரியாமல் போனபோது, கோவளம் பக்கத்து மீனவர்கள் லாரியில் படகு கொண்டுவந்து எங்களை எங்கள் கூடத்திலிருந்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். மறு வருஷம் தெருக்காரர்கள் சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினோம். படப்பையில் ஒரு பட்டறையில் அதற்கு இரட்டைச் சக்கர டிரெய்லர் செய்தோம். அதிலிருந்து ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி, எதிர்வீட்டுக்காரரின் ஜீப்புக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின்மேல் உட்காரவைத்து, தெருக்கோடி வரை இழுத்துப் போய்த் திரும்புவோம். பிறகு எல்லோருக்கும் பொங்கல், வடை.

முதல் ஒத்திகைக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். அப்போது மூக்கைத் தூக்குவது விளையாட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், எழுபத்திரண்டு வயது, தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வலது தோளை மேலே தூக்க முடியாதவன். இன்னொருவர் எதிர்வீட்டுக்காரர், அறுபத்தொன்பது வயது, கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டியவர், நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆனவர். மற்ற வீடுகளின் பிள்ளைகள் ஓ.எம்.ஆரிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள்.

டிரெய்லரின் மூக்கில் கையால் சுற்றும் ஜாக்கி ஒன்று இருந்தது. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். துருப்பொடி கொட்டியது, திருகு அசையவில்லை. சரி, கையாலேயே தூக்கிவிடலாம் என்று இருவரும் குனிந்தோம். ஒரு சாண் எழுந்தது. எதிர்வீட்டுக்காரரின் செருப்பு சேற்றில் வழுக்கியது. மூக்கு தொப்பென்று விழுந்து புல்லுக்குள் புதைந்தது.

"விடுங்க சார், விடுங்க. கைய வச்சிடாதீங்க அடியில" என்று கத்திக்கொண்டே அவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தபடியே சிரித்தார். "நாப்பது வருஷம் ஒம்போது பொட்டி இழுத்தவன் சார் நானு. இந்த மூக்கு என்னிய இழுத்துட்ச்சி பாருங்க."

என் மகன் வாசலில் காப்பி டம்ளரோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பொழிச்சலூரில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறான். அதற்காகத்தான் அன்று வந்திருந்தான்.

"அப்பா, இதுக்கு மேல என்ன பேசறது? அம்மாவ மழைக்கு முன்னாடி அங்க கூட்டிட்டுப் போயிடறேன். லிஃப்ட் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு. நீங்களும் வாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. என் மனைவிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தண்ணீர் உள்ளே வந்தால் அவளை நான் தூக்க முடியாது.

ஆனால் அவள் அந்த வீட்டில் நடக்கிறாள். அதை எல்லோருக்கும் புரியும்படி என்னால் சொல்ல முடிந்ததில்லை. கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பத்தொன்பது பிடிகள். கட்டில் கால், ஜன்னல் கம்பி நான்கு, அலமாரியின் விளிம்பு, கதவு நிலை, சுவரில் ஆணி எடுத்த குழி, இப்படிப் பத்தொன்பது. ஒவ்வொன்றையும் அவள் வலது கை இருட்டிலும் தேடி எடுக்கும். மருத்துவமனையின் வழவழப்பான நடைகூடத்தில் ஓரடி எடுக்காதவள், வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் அந்த ஆணிக்குழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொழிச்சலூர் வீட்டில் ஆணிக்குழி இல்லை. நாலு முறை போயிருக்கிறோம். நாலு முறையும் சோபாவில் வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்து, கிளம்பும்போது எழுந்தாள்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"அந்தப் படக உன் கை படாம, யாரும் கையால தூக்காம, நான் வண்டியில மாட்டிக் காட்டினா?" என்றேன் மகனிடம்.

"எப்படிப்பா?"

எனக்கே தெரியாது. ஆனாலும் "காட்டினா, அம்மா இங்கதான்" என்றேன்.

அவன் டம்ளரைத் திண்டின்மேல் வைத்தான். "சரி. முதல் பெரிய மழைக்கு வர்றேன். அன்னிக்குக் காட்டுங்க. இல்லேன்னா அன்னிக்கே அம்மா என்கூட வர்றாங்க."

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது அரைத்தூக்கத்தில் ஒன்று கண்டேன். காலி மனையில் புல் முழுக்கத் தண்ணீராகி, சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. தும்பிகள் அதன்மேல் தாழப் பறந்தன. தண்ணீர் படகைத் தொடுவதற்கு முன்பே படகு தானாக மூக்கை எடுத்தது. கழுநீர்த் தொட்டியிலிருந்து பசு முகத்தை எடுக்குமே, வாயோரம் நீர் சொட்டச் சொட்ட, அவசரமே இல்லாமல், அப்படி. எழுந்து உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் எழுகிற ஜாக்கி ஒன்று உலகத்தில் இல்லாமலா இருக்கும்?

இருந்தது. செல்போனில் தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. அதுதான் தொல்லை. ஒரு டன் தூக்குவது, ஒன்றே முக்கால் டன் தூக்குவது, இரண்டரை டன் தூக்குவது. நான் பயந்த சுபாவம். படகும் டிரெய்லரும் எஞ்சினும் சேர்ந்து அரை டன் என்றால், பாதுகாப்புக்கு இரண்டரை டன்னாகவே வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். எதிர்வீட்டுக்காரர்தான் தடுத்தார்.

"சார், படகத் தூக்கப் போறீங்களா, மூக்கத் தூக்கப் போறீங்களா? பாரமெல்லாம் சக்கரத்துமேல கீது. மூக்குல எவ்ளோ கீதுன்னு பாருங்க மொதல்ல."

மூக்கை எப்படி நிறுப்பது? குளியலறை எடை இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். அது என் மனைவியின் இயந்திரம். மாதம் ஒருமுறை, பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் வரும்போது அதில் ஏறி நிற்பாள். மனையில் ஒரு பலகை போட்டு அதன்மேல் இயந்திரத்தை வைத்து, நெம்புகோல் போட்டு மூக்கைச் சிறிது சிறிதாக எழுப்பி, அடியில் செங்கல் கொடுத்து, கடைசியில் இயந்திரத்தின்மேல் இறக்கினோம். முள் ஆடி ஆடி நின்றது. அறுபத்தெட்டு.

உள்ளே போய்ச் சொன்னேன்.

"நான் எவ்வளவு?" என்று கேட்டாள் அவள். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறும், ஆனால் கேலி குழறாது.

"போன மாசம் அறுபத்தெட்டு."

"அப்ப ரெண்டு பேரையும் உங்களால தூக்க முடியாது."

அவள் சிரித்தாள். வாயின் வலது ஓரம் மட்டும் மேலேறியது. நான் அந்த எண்ணை மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு மனையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் படகு புல்லில் முகம் புதைத்துப் படுத்திருப்பதாகத் தோன்றாமல், யாரோ எழுப்புவதற்காகக் காத்திருப்பதாகவே தோன்றியது.

மூக்கின் பாரம் தெரிந்ததும் மீதி தானாக வந்தது. ஒரு டன் ஜாக்கியே நமக்கு யானைப் பலம். பாரத்தைவிட எவ்வளவு உயரம் எழும்பும் என்பதுதான் முக்கியம். மழையில் மனை மண் குழைந்து, ஜாக்கியின் கால் அரையடி உள்ளே இறங்கும். அதற்குமேல் எழும்பி ஜீப்பின் குண்டுக்கு வரவேண்டும். கீழே அகலமான பாதத் தகடு வேண்டும். மின்சாரம் செத்துப்போனால் கையால் சுற்ற ஒரு வழியும் இருக்க வேண்டும். இதெல்லாம் நான் அடித்துத் திருத்திய என் மனக்கணக்குகள். எதிர்வீட்டுக்காரர் கடைசியாக ஒன்று சேர்த்தார்: "தலையில லைட்டு இருக்கறது வாங்குங்க சார். நமக்குக் கண்ணு போயிட்ச்சி."

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் லாரி, டிரெய்லர் சாமான்கள் விற்கும் கடை. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நான் கேட்டதை எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்த்தார்.

"போட்டுக்கா சார்? போட்டு எங்க கீது?"

"முடிச்சூர்ல."

"முடிச்சூர்லயா? அங்க எங்க சார் கடலு?"

எதிர்வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கடலு நம்மகிட்ட வரும் தலைவா. வருஷத்துக்கு ஒருவாட்டி. நேரா வூட்டுக்குள்ளயே வந்து, சோபாவுல குந்திகினு, நாலு நாளு தங்கிட்டுப் போவும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "எங்க வூடு வரதராஜபுரம் சார், அதே தண்ணிதான்" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய், அட்டைப்பெட்டியிலிருந்து கறுப்பு ஜாக்கி ஒன்றைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் எடுத்துவந்து மேசைமேல் நிறுத்தினார். தலையில் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் மேல், கீழ் என்று இரண்டு அம்புக்குறி போட்ட விசை.

அதைப் பொருத்துவதில் பெரிய வேலை இல்லை. பழையதைக் கழற்றிய ஓட்டையில் புதியது கிட்டத்தட்டச் சரியாக உட்கார்ந்தது. மூன்று போல்ட்டுக்கு மட்டும் பட்டறையில் தகடு வைத்து வெல்டிங் போட்டார்கள். யோசிக்க வேண்டியிருந்தது மின்சாரத்தைப் பற்றித்தான். பன்னிரண்டு வோல்ட் எங்கிருந்து வரும்? ஜீப்பின் பேட்டரியிலிருந்து எடுக்கலாம், ஆனால் வெள்ளத்தன்று ஜீப் கிளம்பாவிட்டால் இரண்டும் போச்சு. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை எடுக்கலாம் என்றேன். "அது தரையிலதான சார் கீது? தண்ணி வந்தா மொதல்ல குளிக்கறதே அதுதான்" என்றார் எதிர்வீட்டுக்காரர். கடைசியில் டிரெய்லரின் மூக்குக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், மூடியுள்ள பெட்டி ஒன்று வைத்து அதற்குள் தனிப் பேட்டரி வைத்தோம்.

இரண்டு சாயங்காலங்கள் அந்த வயரிங் நடந்தது. வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான சாயங்காலங்கள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து சின்ன விமானங்கள் எழும்பி, எங்கள் தலைக்குமேல் ஒரு அரைவட்டம் போட்டு, வெளிச்சத்துக்குள் கரைந்தன. வண்டலூர்ப் பக்கம் காற்று திரும்பினால் ஒரு உறுமல் கேட்பதுபோல இருக்கும். சிங்கமா, லாரியா என்று இத்தனை வருஷமாக எனக்கு நிச்சயமில்லை. என் மனைவி வாசல் வரை வந்து, நிலையைப் பிடித்து நின்றுகொண்டு, நாங்கள் சண்டை போடுவதைக் கேட்டாள்.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். முப்பது ஆம்பியர். அதிலிருந்து தடித்த சிவப்பு வயர் ஜாக்கிக்கு. கடையில் மெல்லிய வயர் கொடுத்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடிக்கயிறாக வைத்துக்கொள்ளச் சொன்னார். திரும்பும் வழிக்குத் தனி வயர் ஜாக்கிவரை போகவில்லை. ஜாக்கியின் உடம்பே இரும்பு, அது டிரெய்லரின் இரும்பில் உட்கார்ந்திருக்கிறது. டிரெய்லரிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கு ஒரு கறுப்பு வயர், அவ்வளவுதான். அந்த வயரின் முனையில் செம்பில் ஒரு வளையம், காதுபோல. அந்தக் காதை டிரெய்லரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அந்த இடத்தில் இருந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி போல இரும்பு பளபளக்கும்வரை விடவில்லை அவர்.

"இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டுக்குக் கீழ குந்தி வண்டி ஓட்டினவன் சார். இந்தப் பன்னெண்டு வோல்ட்டு எனக்குக் கொசுக்கடி. ஆனா ஒண்ணு. மேல கம்பியில வர்ற கரண்டு தண்டவாளம் வழியாத்தான் திரும்பிப் போவும். வர்ற வழிய எல்லாரும் பாப்பான். போற வழிய எவனும் பாக்கறதில்ல."

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் விசையை அழுத்தினேன். உர்ர் என்று, தொண்டைக்குள் பாடுவதுபோல ஒரு சத்தம். ஜாக்கியின் கால் கீழே இறங்கி, பலகையைத் தொட்டு, ஒரு கணம் தயங்கியது. பிறகு மூக்கு எழுந்தது. யாரும் கை வைக்கவில்லை. புல்லின் நுனிகள் அதன் கன்னத்திலிருந்து ஒவ்வொன்றாக விடுபட்டன. நான் என் மதியக் கனவுக்குள் திரும்பப் போய் நின்றதுபோல இருந்தது. என் மனைவி நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள். அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. வேலை செய்யும் பொருள்களுக்கெல்லாம் அன்று ஓய்வு. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. அரிவாள்மணை, சுத்தியல், என் பழைய கால்குலேட்டர் எல்லாம் கூடத்தில் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. படகை உள்ளே கொண்டுவர முடியாதே. அதனால் பூஜை மனைக்குப் போனது. டிரெய்லரின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஜாக்கியும் ஓய்வு எடுக்கட்டும், தெருப் பிள்ளைகள் யாரும் விசையை அழுத்திவிட வேண்டாம் என்று, அந்தக் கறுப்பு வயரின் காதை நான் கழற்றிவைத்தேன். எதிர்வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "எனக்குப் பொரியும் சுண்டலும் மட்டும் குடுங்க, பூசைய நீங்க பாத்துக்குங்க" என்று ஜீப்பில் சாய்ந்து நின்றார். ஆனால் ஜீப்புக்கும் மாலை அவரே வாங்கி வந்திருந்தார்.

சக்கர நாற்காலியில் வாசல்வரை வந்த என் மனைவி, அதற்குமேல் மனைக்குள் தள்ளச் சொன்னாள். புல்லில் தள்ளிக்கொண்டு போனேன்.

"நான் வைக்கறேன்" என்றாள்.

சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். வலது கை வரும் என்று நினைத்தேன். மடியில் கிடந்த இடது கை அசைந்தது. இரண்டு வருஷமாக அது அவள் மடியில் வேறு யாருடைய கையோ போலத்தான் கிடந்தது. மோதிர விரல் நடுங்கி நடுங்கி வந்து, கிண்ணத்தின் விளிம்பில் முட்டி, சந்தனத்துக்குள் இறங்கியது. ஜாக்கியின் தலை அவளுக்கு எட்டாது. கை கீழே போய்விடுமோ என்ற பயத்தில், என் கையில் இருந்த அந்தச் செம்புக் காதையே அவள் விரலுக்கு நேராகப் பிடித்தேன். விரல் அதன்மேல் அழுந்தியது. பொட்டு என்று சொல்ல முடியாது, ஒரு தீற்றல். அதன்மேல் குங்குமத்தையும் அதே விரல் வைத்தது.

எதிர்வீட்டுக்காரர் பொரி தின்பதை நிறுத்திவிட்டார். ஏதாவது சொன்னால் கை பயந்து மடிக்குத் திரும்பிவிடும்போல இருந்தது.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டு வயரை மாட்டப் போனேன். காதில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். துணியை எடுத்தேன். துடைக்க மனம் வரவில்லை. அவளுடைய அந்த விரல் இரண்டு வருஷத்தில் செய்த முதல் காரியம் அது. வெளிப்பக்கம் இருந்தால் மழையில் கரைந்துவிடும் என்று, பொட்டு வைத்த பக்கத்தை உள்ளே திருப்பி, இரும்போடு ஒட்ட வைத்து, போல்ட்டை நன்றாக இறுக்கினேன். உள்ளே பத்திரமாக இருக்கட்டும். விசைக்குப் பக்கத்திலிருந்த விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. விஜயதசமியன்று அதுவே போதும் என்று வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை. சாதாரண மழை இல்லை, தெருவின் எதிர்ப்பக்கத்தை அழித்துவிட்ட மழை. எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்று அவ்வப்போது ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பத்து மணிக்குத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மகன் வந்தான். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தான். உள்ளே போய் அம்மாவின் புடவைகளையும் மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்து வைத்தான். அவள் தடுக்கவில்லை. பையைக் காரில் வைத்துவிட்டு வந்து, "சரிப்பா, காட்டுங்க" என்றான். குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் ஜீப்பைப் பின்னால் எடுத்து மனைக்குள் நிறுத்தினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினேன்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தலையிலிருந்த விளக்கு எரிந்தது. அழுத்தும்போது மட்டும் மங்கி, விட்டதும் மறுபடி பிரகாசமானது. மறுபடி அழுத்தினேன். டக். மூக்கு புல்லுக்குள் அசையாமல் கிடந்தது.

"பேட்டரி டவுனா?" என்றான் மகன்.

"ஞாயித்துக்கிழமதான சார்ஜ் போட்டோம்?" எதிர்வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பார்த்தார். "நல்லா கீதே. லைட்டு எரியுது, மோட்டாரு சுத்தல. இது இன்னா பேஜாரு?" கையால் சுற்றும் வழியைத் தேடினேன். ஜாக்கியோடு வந்த கைப்பிடியை வீட்டில் எங்கே வைத்தேன் என்று நினைவு வரவில்லை. எல்லாவற்றையும் எண்ணி வைக்கிறவன் நான். அந்த நேரத்தில் என்னிடம் எதுவுமே இல்லை.

மகன் மெதுவாக, "போதும்ப்பா. நனையாதீங்க. அம்மாவ ஏத்திக்கலாம்" என்றான். ஜன்னலைப் பார்த்து, "அம்மா, கிளம்பலாமா?" என்று கூப்பிட்டான்.

ஜன்னல் கம்பியில் அவள் முகம் இருந்தது. மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள், மழையை மீறி. "என் பொட்ட என்ன பண்ணீங்க?"

நான் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தேன். "உள்ள இருக்கு" என்றேன்.

"எதுக்குள்ள?" என்றார் அவர்.

"காதுக்குள்ள. இரும்புக்கும் காதுக்கும் நடுவுல."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, அந்த மழையில், வாய்விட்டுச் சிரித்தார். "போற வழிய சந்தனம் பூசி அடச்சிட்டீங்களா சார்! வெளக்குக்கு ஒரு துளி கரண்டு போதும், அது எப்படியோ ஓரமா கசிஞ்சி போயிட்ச்சி. மோட்டாருக்கு ஆறு மாரி ஓடணும். ஸ்பேனர் எட்றா தம்பி, ஸ்பேனர்!" மகன் ஸ்பேனருக்கு ஓடினான்.

நான் போய் உப்புத்தாள் எடுத்துவந்தேன். மகன் குடை பிடித்தான். எதிர்வீட்டுக்காரர் போல்ட்டைக் கழற்றினார். காதின் உள்பக்கத்தில் சந்தனம் தகடாக அமுங்கி, அதன் நடுவில் குங்குமம் ஒரு கருஞ்சிவப்புப் புள்ளியாக இருந்தது. தேய்க்க வேண்டியவன் நான்தான். தேய்த்தேன். முதல் இழுப்பிலேயே சந்தன வாசனை எழுந்தது. மழைக்கும் மண்ணுக்கும் டீசலுக்கும் நடுவே அது ஒரு திரி போல நின்று எங்கள் மூன்று பேரையும் சுற்றியது. செம்பு பளிச்சிட்டது, இரும்பு பளிச்சிட்டது. இறுக்கினோம்.

விசையை அழுத்தினேன்.

உர்ர் என்று அது பாடியது. பாதத் தகடு சேற்றில் அரையடி அமிழ்ந்து, பலகையைக் கண்டுபிடித்து நின்றது. மூக்கு எழுந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. மழை அதன் நீல முதுகில் பட்டுப் புகையாகத் தெறித்தது. அறுபத்தெட்டு கிலோவும் என் ஒரு விரலின் கீழே ஏறிக்கொண்டே இருந்தது. ஜீப்பின் குண்டுக்குமேல் வந்ததும் விரலை எடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் ஜீப்பை ஒரு முழம் பின்னால் விட்டார். கீழ் அம்பை அழுத்தினேன். டிரெய்லரின் கிண்ணம் குண்டின்மேல் இறங்கி, டக்கென்று கவ்வியது. மகன் கை வைக்கவே இல்லை. அவன் குடையைத் தாழ்த்தி எங்கள் எல்லோரையும் நனையவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படகு ஜீப்பின் பின்னால் தெருவில் ஒரு சுற்று போய் வந்தது. சக்கரங்கள் பாதி தண்ணீரில். தூரத்திலிருந்து பார்த்தால் மிதப்பதாகவே இருந்தது.

"தண்ணி மூணாவது படிக்கு வரட்டும்" என்றாள் அவள், மகன் உள்ளே வந்ததும். "அன்னிக்கு வர்றேன். போட்டுல வர்றேன்."

"பொழிச்சலூருக்கா, போட்டுலயா?"

"ஏன், லிஃப்டுக்குள்ள வராதா?"

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தான். பிறகு காருக்குப் போய்ப் பையை எடுத்துவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். அந்த மழையில் தண்ணீர் முதல் படியைத் தொட்டுவிட்டு, மறுநாள் பகலில் இறங்கிப்போனது. மகன் அதுவரை எங்களோடு இருந்தான்.

வெயில் வந்த அன்று அவள் மறுபடி சந்தனம் கேட்டாள். நாற்காலியைப் படகின் பக்கத்தில் நிறுத்தினேன். இந்தமுறை காது வேண்டாம், ஜாக்கியின் தலையிலேயே வைத்துவிடு, வெளியில் இருந்தால் ஆபத்தில்லை என்றேன்.

"எட்டாதே" என்றாள்.

"எட்டாது" என்றேன்.

அவள் வலது கையால் டிரெய்லரின் இரும்பைப் பிடித்தாள். எழுந்து நின்றாள். வீட்டுக்கு வெளியே, பத்தொன்பது பிடிகளில் சேராத ஒரு பிடி அது. இடது கையின் மோதிர விரல் ஜாக்கியின் தலையைத் தொட்டு, கொஞ்சம் கோணலாக ஒரு பொட்டு வைத்தது.

உட்கார்ந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே, "மொத்தம் எவ்வளவு ஆச்சு இதுக்கு?" என்று கேட்டாள்.

மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொண்டேன். ஜாக்கி, தகடு, வெல்டிங், பேட்டரி, பெட்டி, வயர், ஃபியூஸ். கடைசியில் அந்த ஒரு உப்புத்தாளையும் சேர்த்து, இருபதாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.